துவிச்சக்கரவண்டியும் அது தந்த நூல்களும்

சக்கரத்தின் வரலாறு மனித நாகரிகத்தின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்ததாகும். பண்டைத் தமிழகத்திலே தேர் வேந்தர்க்கும் வள்ளல்களுக்கும் உரியதாயிருந்தது. சகடம் உழவர்க்கும் உமணர்க்கும் உரியதாயிருந்தது. உப்பேற்றிய வண்டிகளை மேடுபள்ளமெல்லாம் ஓட்டிச் சென்ற உமணர், வழியில் அச்சு முறியுமாயின் மாற்றுதற்கென வேறோர் அச்சையும் வண்டியின் கீழே கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றால் அறியலாம். உப்பின் பெயரையே தன் பெயராகக் கொண்ட உப்புவெளியின் ஊடாகத் திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் சைக்கிளிற் செல்பவர், காற்றடிக்கும் பம்பையும் ஒட்டுப்போடும் சாமான்களையும் உடன்கொண்டு செல்வது அந்த முன்னறிவின் தொடர்ச்சியே எனின் மிகையாகாது.

ஆயினும் தேருக்கும் சகடத்துக்கும் இல்லாத சிறப்புகள் இரண்டு துவிச்சக்கரவண்டிக்கு உள. ஒன்று, அது விலங்கை வேண்டாது. ஏறியிருப்பவனே குதிரையும் சாரதியும் ஆகின்றான். மற்றது, தன்மீது ஏறியவரை அது எழுதவும் தூண்டியது. அரசரோ புலவரோ அல்லாத சாதாரண மக்களை நூலாசிரியராக்கிய பொறிகளுள் இதற்குத் தனி இடம் உண்டு. அந்நூல்களை எழுதினோர் யாவர், எழுதப்பட்டோர் யாவர் என்னும் வினா, வண்டியின் வரலாற்றிலும் பெரியதொரு வரலாற்றைக் காட்டுவதாகும்.

யேர்மனியின் பாடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பார், 1817ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மன்ஹைம் நகரிலே, இரு சில்லுகளை முன்பின்னாகப் பூட்டிய மரப்பொறியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி இல்லை. ஓட்டுபவர் கால்களால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். 1860களில் பரிஸ் நகரில் முன்சில்லிலே மிதி பூட்டப்பட்டது. பின்னர் முன்சில்லு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பின்சில்லு சிறுத்து, விழுந்தால் தலைகீழாக விழவேண்டிய உயர்வண்டி தோன்றியது. 1885இல் கொவன்றி நகரத்து யோன் கெம்ப் ஸ்ரார்லி, சம அளவினவாய சில்லுகளும் பின்சில்லை ஓட்டும் சங்கிலியும் கொண்ட ‘றோவர்’ வண்டியை அமைத்தார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருகவைத்தியர் யோன் பொயிட் டன்லப், காற்றடைத்த ரயருக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது இன்று வீதியிற் காணப்படும் வண்டி பிறந்துவிட்டது எனலாம். அதனை இலங்கைத் தமிழர் வடமொழி வழியாகத் துவிச்சக்கரவண்டி என்று எழுதினர். தமிழகத்தார் மிதிவண்டி என்றும் ஈருருளி என்றும் எழுதினர். பேச்சிலே இருசாரார்க்கும் அது சைக்கிளே.

பொறி வளரும்போதே நூலும் வளர்ந்தது. முதலில் தோன்றியவை கற்பிக்கும் நூல்கள். 1869இல் நியூயோர்க்கில் கொடார்ட் என்பவர் இப்பொறியின் வரலாறு, வகைகள், பயிற்சி ஆகியவற்றை ஒரு நூலிலே தொகுத்தார். இங்கிலாந்தில் வேட்டை, மீன்பிடி முதலிய பொழுதுபோக்குகளைப் பற்றி வெளிவந்த ‘பட்மின்டன்’ நூல்வரிசையில், 1887இல் சைக்கிளோட்டத்துக்கும் ஒரு நூல் இடம்பெற்றது. கனவான்களின் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் அருகே எழுதுவினைஞனின் சைக்கிளும் அமர்ந்துவிட்டது என்பது இதன் பொருள். 1878இல் இங்கிலாந்திலும் 1880இல் அமெரிக்காவிலும் தோன்றிய சைக்கிளோட்டிகள் சங்கங்கள், வழிகாட்டி நூல்களையும் வீதிப்படங்களையும் வெளியிட்டதோடு அமையாது, நல்ல வீதிகள் வேண்டுமென்று அரசாங்கத்தை வற்புறுத்தியும் வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகுவதற்கு முன்பே செப்பனிட்ட வீதிக்காகக் குரல் எழுப்பியோர் சைக்கிளோட்டிகளே என்பது பலரும் மறந்துவிட்ட உண்மை.

இரண்டாவதாகத் தோன்றியவை பயண நூல்கள். தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பார் 1884ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சன் பிரான்சிஸ்கோவிலிருந்து உயர்வண்டியொன்றிற் புறப்பட்டு, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் துருக்கி, பாரசீகம் ஆகிய நாடுகளையும் கடந்தார். பின்பு இந்தியாவிற் பெருவழிச் சாலையாற் கல்கத்தாவை அடைந்து, சீனத்தையும் யப்பானையும் கண்டு, 1886 டிசெம்பரில் யோக்ககாமாவிற் பயணத்தை முடித்தார். அவர் எழுதிய இரு பாக நூல் 1887இலும் 1888இலும் வெளிவந்தது. 1896 முதல் 1898 வரை உலகைச் சுற்றிய மூன்று ஆங்கிலேயரின் 19,237 மைற் பயணத்தை, அவருள் ஒருவரான யோன் பொஸ்ரர் பிறேசர் 1899இல் நூலாக்கினார்.

பெண்கள் இப்பொறியைக் கைக்கொண்டமை பெருமாற்றத்துக்கு வித்திட்டது. அமெரிக்காவில் மதுவிலக்குக்கும் மகளிர் வாக்குரிமைக்கும் உழைத்த பிரான்சிஸ் வில்லாட், ஐம்பது வயதைக் கடந்தபின் சைக்கிளோடப் பழகினார். தாம் பழகிய கதையை 1895இல் சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் மரியா வோர்ட் எழுதிய நூலோ, பெண் ஒருத்தி தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டவும் செப்பனிடவும் வேண்டும் என்று கருவிகளின் பெயரோடு கற்பித்தது. ஓட்டத் தெரிந்தவள் பிறர் உதவியை நாடாதிருக்கவேண்டுமாயின் திருத்தவும் தெரியவேண்டும் என்னும் அக்கருத்து, உடையையும் நடையையும் பற்றி அக்காலத்து ஆடவர் நிகழ்த்திய வாதங்கள் அனைத்திலும் வலியது.

இவ்வரிசையிலே தமிழர் நிலத்தோடு நேரே தொடர்புடையது வேர்க்மன் தம்பதியரின் நூல். பனி புல்லொக் வேர்க்மனும் அவர் கணவர் வில்லியமும் 1897ஆம் ஆண்டின் இறுதியிற் கீழைநாடுகளுக்கு வந்து, இந்தியாவிலும் இலங்கை, பர்மா, யாவா முதலிய இடங்களிலும் சுற்றினர். இந்தியச் சமவெளியின் கோயில்களுக்கும் மக்களுக்கும் இடையே சைக்கிளிற் சென்ற பதினாலாயிரம் மைல்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1904இல் இலண்டனில் வெளிவந்தது. தேநீரும் பிஸ்கற்றும் தலையணையும் ஒட்டுச்சாமானும் வண்டியிற் கட்டிக்கொண்டு சென்ற அவர்கள், சில நாள்களில் ஒரே நாளில் நாற்பது வரையான துளைகளை அடைக்க நேர்ந்தது. முள்ளிலும் வெயிலிலும் அவர் காட்டிய உறுதி பாராட்டத்தக்கதே. பனி அம்மையார் பின்னாளில், 1912இல், காரகோரப் பனிமலையில் நின்று மகளிர்க்கு வாக்குரிமை கோரும் தாளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. ஆனால் அந்நூலின் கண் கல்லிலே ஊன்றிய அளவுக்கு மனிதரிடம் ஊன்றவில்லை. கோயில்கள் பெயரோடும் படத்தோடும் நிற்கின்றன. வழியில் நீர் தந்தோரும் வழி சொன்னோரும் பெயரின்றி நிற்கின்றனர். பெண்ணுரிமைக்கு வாதாடிய எழுதுகோலும் குடியேற்ற நாட்டு மக்களை எட்டநின்றே நோக்கியது என்பதை மாணவர் இங்கே கருதுதல் தகும்.

அந்த நோக்கைத் திருப்பியவர் பம்பாயின் பார்சி இளைஞர். 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் அறுவர் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஆதி ஹக்கிம், யால் பாபசோலா, றுஸ்தம் பும்கரா ஆகிய மூவரே 1928 மார்ச்சில் ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர் ஓடி முடித்து மீண்டனர். அவர்கள் எழுதிய நூலுக்கு யவகர்லால் நேரு முன்னுரை வழங்கினார். ஆட்சிக்குட்பட்ட நாட்டின் இளைஞர் ஆள்வோரின் நாடுகளைச் சைக்கிளின் மேலிருந்து நோக்கி எழுதிய நூல் அது. அவரை அடுத்து வங்காளத்து விமல் முகர்ஜி 1926 முதல் 1937 வரை உலகைச் சுற்றினார். சில்லெற்று மாவட்டத்திற் பிறந்த இராமநாத விசுவாஸ் 1931இற் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கண்டு, வங்கமொழியிலே பல பயண நூல்களை எழுதினார். ஆங்கிலம் அறியாத வாசகனுக்கும் உலகைக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் அவர் நூல்களாற் புலனாகின்றது.

துவிச்சக்கரவண்டி விடுதலையின் ஊர்தி மட்டுமன்று. 1941 டிசெம்பரில் மலாயாவிற் கரையிறங்கிய யப்பானியப் படை, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தென்முகமாக விரைந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரயர்கள் தேய்ந்தழிந்தபின் வெறும் இரும்பு வளையங்களிலே வண்டிகள் ஓடியபோது எழுந்த ஓசையை எதிரிகள் கவசவண்டிகளின் ஓசையென மயங்கினர் என்று, அப்படையின் அதிகாரி மசனொபு சுஜி தம் நூலில் எழுதியுள்ளார். அதே ஆண்டு ஏப்பிரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் யப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன. உப்புவெளி வீதியோரத்துப் போர்க்கல்லறைகள் அப்போர்க்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. பொறிக்குத் தனக்கென அறம் இல்லை. ஏறுபவனின் நோக்கமே அதன் அறம்.

அந்நோக்கம் சிறந்து விளங்கிய இடம் தமிழகத்துப் புதுக்கோட்டை. 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த சீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிளோடப் பழகுவதையும் அப்பணியின் ஓர் அங்கமாக்கினார். வங்கிகள் வண்டி வாங்கக் கடன் வழங்கின. கல்லுடைப்போரும் விவசாயக் கூலிகளும் கிராமத் தாதியரும் ஏறிப் பழகினர். ஒன்றரை ஆண்டளவில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளோடக் கற்றனர் என்று பத்திரிகையாளர் சாய்நாத், 1996இல் வெளிவந்த தம் நூலிற் பதிவுசெய்துள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது அவர்கள் ஆண்களுக்கான வண்டிகளையே வாங்கினர். குறுக்குச் சட்டத்திலே பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதனையே விரும்பியோரும் இருந்தனர். ஏளனத்துக்கு ஆளாகியும் அவர்கள் இறங்கவில்லை. சந்தைக்குச் செல்ல வராத பஸ்ஸையும் கூட்டிச்செல்ல இசையாத ஆடவனையும் எதிர்பார்க்கும் நிலை அவர்க்கு நீங்கியது. மேனாட்டிலே முதலில் வண்டியும் பின்பு நூலும் வந்தன. புதுக்கோட்டையிலோ எழுத்தும் சில்லும் ஒரே காலத்தில் ஒரே கையிற் சேர்ந்தன. இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு இதுவே.

சில்லின் மற்றொரு பிள்ளையாகிய ஸ்கேற்போட்டின் கதையும் இவ்வழியதே. நான்கு சிறு சில்லுகள் பூட்டிய பலகையில் நின்று ஓடும் இவ்விளையாட்டு, 1950களிற் கலிபோர்னியக் கடற்கரையில், அலைமேற் சறுக்கும் இளைஞரிடையே பரவியது. 1964இல் அதற்கெனத் தனி ஏடு தோன்றியது. 1973 அளவிற் பிராங் நாஸ்வேதி யூரித்தேன் சில்லுகளை விற்கத் தொடங்கியபின், பலகை வீதியை நன்கு பற்றி ஓடியது. முதலிற் பயிற்சிக் கைந்நூல்களே வெளிவந்தன. 2001இல் இலண்டன் கட்டடக்கலைப் பேராசிரியர் இயன் போர்டன், இப்பலகையோட்டிகள் நகரத்துப் படிகளையும் திண்ணைகளையும் எவ்வாறு புதிதாகப் பொருள்கொள்கின்றனர் என்று ஆராய்ந்து நூல் எழுதினார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் சேர்ந்தது. தெருவிளையாட்டென்று தள்ளப்பட்டது ஐம்பதாண்டுகளில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

துவிச்சக்கரவண்டியும் அவ்வாறே அறிஞர் கைக்கு வந்தது. 1896இல் ஆச்சிபோல்ட் சார்ப் அதன் பொறியியலை விரிவாக எழுதினார்; 1974இல் விற், வில்சன் ஆகிய இருவர் ஓட்டுபவரின் உடல்வலுவையும் காற்றின் எதிர்ப்பையும் கணித்தெழுதினர். 2004இல் டேவிட் ஹேலிகி வண்டியின் வரலாற்றைத் தொகுத்தார். இந்தியாவில் தையற்பொறியும் தட்டச்சும் சைக்கிளும் மக்கள் வாழ்வில் எவ்வாறு கலந்தன என்பதை டேவிட் ஆர்னல்ட் 2013இலும், குடியேற்றக்கால இலங்கையில் இத்தகைய பொறிகளின் வாழ்வைப் பேராசிரியை நிரா விக்கிரமசிங்க 2014இலும் ஆராய்ந்தனர்.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். ஓடிய தூரத்தைக் கால் மட்டும் காப்பதில்லை, எழுத்தே காக்கும். பதினாலாயிரம் மைல் ஓடிய தம்பதியர் அறியப்படுவது அவர் எழுதியமையாலேயே. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திற் சைக்கிள் தாங்கிய பாரம் அதனினும் சிறிதன்று. 1990இன் பின் வடக்கே எரிபொருள் தடைப்பட்டபோது, விறகும் மண்ணெண்ணெயும் நோயாளியும் பிள்ளைகளும் அதன்மேலேயே சென்றனர். மின்சாரம் இல்லாத வீடுகளிற் சில்லைச் சுழற்றி, டைனமோவினாலே வானொலி கேட்டனர். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது, ஒதுக்கிவைத்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. திருகோணமலை மாவட்டத்திலே 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, சைக்கிளில் வந்தோர் வண்டியோடு படகுப்பாதையில் ஏறியே அக்கரை சேர்ந்தனர்.

அந்த ஓட்டங்களை ஓடியோர் முதுமையடைந்து வருகின்றனர். எந்த வீதி எப்போது மூடப்பட்டது, எத்தனை மூட்டை எவ்வாறு கட்டப்பட்டது, ரயர் கிடையாத நாளில் எதைச் சுற்றி ஓடினர், எந்த ஊரில் எந்த ஆண்டளவிற் பெண்கள் முதலில் ஏறினர் என்பன அவர் நாவிலேயே உள்ளன. சைக்கிள் கடைக்காரரின் கையறிவும் அத்தகையதே. உமணரின் உதிரி அச்சு இரண்டாயிரம் ஆண்டின் பின்னும் அறியப்படுவது, அதனைக் கண்ட ஒருவர் பாட்டில் வைத்தமையால் அன்றோ? உப்புவெளி முதற் புல்மோட்டை வரையுள்ள கரையோர ஊர்களின் முதியோரிடம் சென்று, ஊரும் ஆண்டும் குறித்து இவற்றைக் கேட்டெழுதுதல் வரலாறு பயிலும் மாணவர் எவராலும் ஆகக்கூடிய பணியாகும். அதற்கு வேண்டுவன ஒரு கொப்பியும் ஒரு சைக்கிளுமே.