பஞ்சத்தின் வேரைத் தேடிய வரலாற்றாசிரியர்

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு எகிப்தின் பஞ்சம் புதிய செய்தியன்று. அந்நாட்டின் உணவு, நைல் நதியின் பெருக்கையே நம்பியிருந்தது. ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) அப்பாஸிய கலீஃபா முதவக்கில் காலத்தில் ரவ்ளாத் தீவில் நிறுவப்பெற்ற ‘மிக்யாஸ்’ எனும் நீரளவைத் தூணில் வெள்ளம் பதினாறு முழத்தைத் தொட்டால் நாடு மகிழும், தொடாவிடில் தானிய விலை ஏறும்.

ஹிஜ்ரி 806இல் (கி.பி. 1403) நைல் பொய்த்தது. மம்லூக்கியர் ஆட்சியிலிருந்த எகிப்தில் பசியாலும் நோயாலும் மக்கள் பெருமளவில் மாண்டனர். இத்துயரைக் கண்ணுற்ற வரலாற்றாசிரியர் தகிய்யுத்தீன் அல்-மக்ரீஸீ (1364–1442), ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) ‘இகாஸத்துல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா’ என்னும் சிறுநூலை இயற்றினார். இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர் அவர். கெய்ரோவின் கடைத்தெருக்களில் எடையையும் அளவையையும் கண்காணிக்கும் ‘முஹ்தஸிப்’ பதவியையும் வகித்தவர். ஆகவே, சந்தையின் நெளிவுசுளிவுகளை நேரில் அறிந்திருந்தார்.

ஃபாத்திமிய கலீஃபா முஸ்தன்ஸிர் காலத்துக் கொடும்பஞ்சம் (1065–1072) உள்ளிட்ட பழைய பஞ்சங்களை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. நீர்க்குறைவு இயற்கையின் செயல். ஆயின், தம் காலத்துத் துன்பம் நீடித்தமைக்கு மனிதரே பொறுப்பு என்பது மக்ரீஸீயின் முடிவு. அதற்கு மூன்று காரணங்களை அவர் காட்டுகிறார்.

முதலாவது, கையூட்டு. கடன்பட்டுப் பதவி வாங்கியவர், அக்கடனைக் குடிமக்களிடமே கறந்தார்; உழவர் ஊரைவிட்டு ஓடினர், நிலங்கள் தரிசாயின. இரண்டாவது, நிலக்குத்தகையின் ஓயாத உயர்வு. மூன்றாவது, நாணயச் சீர்கேடு. வெள்ளித் திர்ஹம் அருகி, ‘ஃபுலூஸ்’ எனும் செப்புக்காசு அளவின்றி அச்சிடப்பட்டது. காசின் மதிப்பு சரியவே, நிலையான ஊதியம் பெற்றோர் வறியவராயினர். பொன்னுக்கும் வெள்ளிக்கும் மீள்வதே தீர்வென்று அவர் வாதிட்டார்.

அவருடைய ஆய்வில் குறையும் உண்டு. வெள்ளித் தட்டுப்பாடு அன்று ஐரோப்பாவையும் வாட்டியது. 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் கால்வாய்களைப் பேணப் போதிய ஆட்கள் இல்லை. இவற்றை அவர் உரியவாறு எடைபோடவில்லை.

எனினும், அவர் எழுப்பிய வினா பழுதற்றது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு குறைவதால் மட்டுமே பஞ்சம் நேர்வதில்லை, அதைப் பெறும் வழி மக்களுக்கு அடைபடுவதாலும் நேர்கிறது என்று 1981இல் நிறுவினார். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, ஆற்றின் அளவோடு ஆட்சியின் நேர்மையையும் அளந்து பார்க்கச் சொன்னவர் மக்ரீஸீ.