சரமாக வரும் முப்பது ரூபாய்

2022 நவம்பரில் பெங்களூரில் ‘நம்ம யாத்ரி’ என்னும் ஆட்டோச் செயலி அறிமுகமாயிற்று. நகரின் ஆட்டோ ஓட்டுநர் சங்கமான ‘ஆட்டோ ரிக்‌ஷா டிரைவர்ஸ் யூனிய’னும் பெங்களூரைச் சேர்ந்த ஜஸ்பே நிறுவனமும் இணைந்து அதைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா, ஊபர், ரேபிடோ ஆகியவற்றின் ஆட்டோ சேவையை நிறுத்துமாறு உத்தரவிட்டிருந்தது. அன்று அரசு விதித்திருந்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய். அதன்பின் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். செயலிகளோ குறைந்தபட்சமே 100 ரூபாய் வாங்குவதாகப் புகார் எழுந்தது. பயணி கூடுதலாகக் கொடுத்தார். ஓட்டுநர் கையில் குறைவாகச் சேர்ந்தது. இடையில் நின்ற தரகுதான் பூசலின் மையம்.

இந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இதற்குள் இருக்கும் இன்னொரு வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. நம்ம யாத்ரி ‘பெக்கன்’ என்னும் திறந்த நெறிமுறையின்மீது கட்டப்பட்டது. அந்நெறிமுறையில் பயணியின் செயலியும் ஓட்டுநரின் பக்கமும் ஜேசன் வடிவில் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தச் செய்திகளைப் பெற்று வேலை செய்யும் நம்ம யாத்ரியின் பின்தள நிரல் ஹாஸ்கல் மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் பொதுவெளியில் யாரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. பெக்கன் நெறிமுறைப்படி 30 ரூபாய் என்னும் கட்டணம் எண்ணாகப் பயணிப்பதில்லை. மேற்கோள்குறிகளுக்குள் அடைபட்ட எழுத்துச் சரமாகவே பயணிக்கிறது. எண் என்னும் வகை ஜேசனில் இருக்கும்போது விலையை ஏன் சரமாக எழுத வேண்டும்? விடை காண இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டக்ளஸ் கிராக்ஃபோர்டும் சிப் மார்னிங்ஸ்டாரும் முதல் ஜேசன் செய்தியை அனுப்பினர். உலாவிகள் அனைத்திலும் ஏற்கெனவே குடியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஒரு சிறு பகுதியை அவர்கள் தரவு வடிவமாக எடுத்துக்கொண்டனர். தாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிந்ததாகவே கிராக்ஃபோர்டு பின்னாளில் சொல்லிவந்தார். அந்த முதல் செய்தியே பிழையில் முடிந்தது. செய்தியிலிருந்த ஒரு புலத்தின் பெயர் ‘டு’; ஜாவாஸ்கிரிப்டிலோ அது மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொல். ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலை வடிவத்தின் விதியாகச் சேர்ப்பதைவிட, எல்லாப் புலப்பெயர்களையும் மேற்கோள்குறிக்குள் இடுவது எளிது என்று முடிவாயிற்று. இன்றுவரை அந்த விதி நீடிக்கிறது.

அதற்கு மறுமாதமே, 2001 மே 2 அன்று, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல் ஸ்கீமாவைப் பரிந்துரையாக வெளியிட்டது. தேதி, பதின்மம், முழு எண், கால அளவு என ஒவ்வொரு தரவுக்கும் வகை சொல்லும் விரிவான அமைப்பு அது. ஆதார் அடையாளச் சரிபார்ப்பும் யுபிஐயும் பின்னாளில் எக்ஸ்எம்எல் செய்திகளையே தேர்ந்தன. ஆனால் பொதுவழக்கில் வென்றது ஜேசன். அதில் ஆறே வகை மதிப்புகள்: ஆப்ஜெக்ட், பட்டியல், சரம், எண், மெய்–பொய், வெறுமை. தேதிக்கு வகை இல்லை. பணத்துக்கு வகை இல்லை. குறிப்புரை எழுதவும் இடமில்லை. சிலர் குறிப்புரைக்குள் பகுப்புக் கட்டளைகளை ஒளித்து வைக்கத் தொடங்கியதால் கிராக்ஃபோர்டே அதை நீக்கினார். 2006 ஜூலையில் இணையத் தகவல் ஆவணமாகவும், 2013 அக்டோபரில் எக்மா தரமாகவும் ஜேசன் பதிவாயிற்று. எந்த மொழியும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய எளிமைதான் அதன் வெற்றி. விட்டுவிட்ட வகைகளைப் பெறுபவர் தம் வாசலில் தாமே மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த எளிமைக்கு விலை.

விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. ஜேசன் எண்ணின் எழுத்துவடிவத்தை மட்டுமே வரையறுத்தது. பெறும் கணினி அதை எப்படிச் சேமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எல்லா எண்களையும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்களாகச் சேமித்தது. 9,007,199,254,740,992-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களை அதனால் பிரித்தறிய இயலாது. 2010-இல் ட்விட்டரின் பதிவெண்கள் அவ்வெல்லையைத் தாண்டவிருந்தபோது, அதே எண்ணைச் சரமாகவும் எழுதிய இன்னொரு புலத்தை அந்நிறுவனம் சேர்க்க நேர்ந்தது. பின்னங்களின் நிலையும் அதுவே: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்கிறது. பணக் கணக்கில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

பெக்கன் விலையைச் சரமாக வைத்ததன் பின்னணி இதுதான். சரத்தை வழியில் எந்தக் கணினியும் தன் விருப்பப்படி தோராயமாக்காது. எழுதியது எழுதியபடியே வந்து சேரும். அந்நெறிமுறை பதின்ம எண்ணுக்கு ஓர் எழுத்து வாய்பாட்டையும் தருகிறது. நேரமும் கால அளவும்கூட அவற்றுக்குரிய உலகத் தர வடிவங்களில் சரங்களாகவே எழுதப்படுகின்றன. இடம் குறிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் காற்புள்ளியால் பிரிந்த ஒரே சரம். ஆக, வாசலுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் எழுத்து. அதை ரூபாயாகவும் நேரமாகவும் இடமாகவும் ஆக்குவது உள்ளே இருக்கும் மொழியின் பொறுப்பு.

ஹாஸ்கல் வேறொரு மரபிலிருந்து வந்த மொழி. 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் எம்எல் மொழியை உருவாக்கினார். வகை பொருந்திய நிரல் ஓடும்போது வகைப்பிழையில் சிக்காது என்பதை 1978-இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். அவ்வழியில் 1990-இல் ஹாஸ்கலின் முதல் வரையறை வெளியாயிற்று. ஜேசனைப் படிக்க ஹாஸ்கல் நிரலாளர்கள் பெரிதும் நாடுவது பிரையன் ஓசல்லிவன் எழுதிய ‘ஏசன்’ நிரலகத்தை. கிரேக்கப் புராணத்தில் ஜேசன் என்னும் வீரனின் தந்தை பெயர் ஏசன். தந்தை பெயரைத் தலையெழுத்தாக முன்னிறுத்தும் தமிழர்க்கு இந்தப் பெயர்சூட்டல் உடனே விளங்கும்.

ஏசன் இரண்டு படிகளில் இயங்குகிறது. முதலில் வந்த எழுத்தை ஜேசனின் ஆறு மதிப்பு வகைகளுள் பொருத்துகிறது. அடுத்து, அந்தப் பொதுவடிவத்திலிருந்து நிரலாளர் கேட்ட வகையைக் கட்ட முயல்கிறது. முயற்சி இரண்டில் ஒன்றாக முடியும்: முழுமையான மதிப்பு, அல்லது எங்கே தவறு என்று சொல்லும் பிழைச்செய்தி. பாதி கட்டிய பயணக் கோரிக்கை என ஒன்று உள்ளே நுழையவே வழியில்லை. எண்களையும் ஏசன் மிதவைப் புள்ளிக்கு உடனே மாற்றாமல், எழுதிய பதின்ம வடிவிலேயே வைத்திருக்கிறது. அங்கும் ஓர் அபாயம் உண்டு: பத்தின் நூறுகோடியாவது அடுக்கைச் சில எழுத்துகளில் எழுதி அனுப்பிவிடலாம், அதை முழு எண்ணாக விரித்தால் கணினியின் நினைவகமே நிரம்பிவிடும்.

வகை என்பது ‘எண்ணா, சரமா’ என்னும் கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. பெங்களூரின் அட்சரேகை 12.97, தீர்க்கரேகை 77.59. பெக்கன் அட்சரேகையை முன்னால் வைக்கிறது. 2016-இல் தரமாக்கப்பட்ட ஜியோஜேசன் தீர்க்கரேகையை முன்னால் வைக்கிறது. இரண்டையும் கையாளும் நிரலாளர் வரிசையை மாற்றிவிட்டால், மெஜஸ்டிக்கில் நிற்கும் பயணி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கரையருகே நிற்பவராகிவிடுவார். இரண்டும் எண்கள்; இரண்டும் 90-க்குக் குறைவு; எந்த எழுத்து வாய்பாடும் இப்பிழையைப் பிடிக்காது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தனித்தனி வகைகளாக அறிவித்துவிட்டால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும் நிரலை ஹாஸ்கல் கம்பைலர் ஏற்க மறுக்கும். ஓட்டுநர் எண்ணையும் பயண எண்ணையும் இவ்வாறே பிரிக்கலாம். இந்தப் பிரிப்பால் நிரலின் வேகம் குறைவதுமில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இது புதிய சிந்தனை அன்று. ‘அவன்’, ‘வந்தது’ இரண்டும் தனித்தனியே பிழையற்ற சொற்கள். ‘அவன் வந்தது’ என்று சேர்த்தால் திணை வழு. சொல்லின் வடிவம் சரியாக இருந்தும் தொடர் பிழைபடும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விரிவாகப் பேசுகிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுக்கிறது நன்னூல். சொல்லின் வடிவம் சரியா என்பது ஜேசன் கேட்கும் கேள்வி. தொடர் பொருந்துகிறதா என்பது ஹாஸ்கலின் வகையமைப்பு கேட்கும் கேள்வி.

இல்லாமையைப் பொருளாகக் கொள்ளும் வழக்கமும் தமிழில் உண்டு. ‘மரம் வெட்டினான்’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. மறைந்தாலும் பொருள் தருகிறது. ஜேசனில் ஒரு புலம் அறவே வராமலிருப்பதும், வந்து வெறுமை என்று சொல்வதும் வேறு வேறு. விவரங்களைத் திருத்தும் செய்தியில் தொலைபேசி எண் இல்லையென்றால் ‘பழையதே இருக்கட்டும்’ என்று பொருள். வெறுமை என்று வந்தால் ‘அழித்துவிடு’ என்று பொருள். ஏசனில் பலரும் பயன்படுத்தும் விருப்பப்புல வழிமுறை இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். பிரித்தறிய வேறொரு வழிமுறையைத் தேர வேண்டும். தெரியாமல் விட்டால், ஓட்டுநர் அழிக்கச் சொன்ன எண் அழியாமல் நிற்கும்.

இவை நிரலாளரின் நுண்கவலைகள் மட்டுமாகத் தோன்றலாம். திறந்த வலையமைப்பில் அவை அப்படி நிற்பதில்லை. ஒரே நிறுவனத்தின் மூடிய செயலியில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே அலுவலகத்தில் இருப்பர். வடிவம் பிசகினால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வர். 2022 ஏப்ரல் 29 அன்று பெங்களூரு, கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் தொடங்கிய ஓஎன்டிசியும் பெக்கனையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே வாங்குபவரின் செயலியை ஒருவர் எழுதுகிறார். விற்பவரின் செயலியை அவர் முகமறியாத இன்னொருவர் எழுதுகிறார். நடுவில் அமர்ந்து எல்லாவற்றையும் சரிபார்க்கும் உரிமையாளர் இல்லை. தரகரை நீக்கியபோது அவர் சத்தமின்றிச் செய்துவந்த சரிபார்ப்பும் உடன் போயிற்று. அதைப் பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தம் வாசலில் செய்தாக வேண்டும்.

ஜேசன் தன் வெற்றிக்காக வகைகளைக் கைவிட்டது. அந்த வெற்றியால்தான் முன்பின் அறியாத இருவரின் நிரல்கள் இன்று எளிதில் பேசிக்கொள்கின்றன. கைவிடப்பட்ட வகைகளைப் பெறுமிடத்தில் மீட்டெடுக்கும் ஒழுக்கம் அரை நூற்றாண்டுக்கு முன் எடின்பரோவில் தொடங்கி, பெங்களூரின் ஆட்டோ நிறுத்தம்வரை வந்திருக்கிறது. மேற்கோள்குறிகளுக்குள் வரும் 30 ஓட்டுநரின் கையில் 30 ரூபாயாகவே சேர்வது அந்த ஒழுக்கத்தையும் பொறுத்திருக்கிறது.