சுரங்க ரயில் நிலையக் காணொளி விளம்பரம்

நிலத்தடி ரயில் நிலையங்களில் மின்திரை அல்லது ஒளிவீழ்த்தி வழியாகப் பயணிகளுக்குக் காட்டப்படும் அசையும் விளம்பரம். நகரும் படிக்கட்டோரத் திரை, தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள சுவரில் வீழ்த்தும் படம், ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் அசைவதுபோல் தோன்றும் சுரங்கச் சுவர்ப் படவரிசை ஆகியவை இதன் முக்கிய வகைகள். படவரிசை முறை அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2001-இல் விளம்பரத்துக்குப் பயன்பட்டது. சுவரில் வீழ்த்தும் முறை லண்டனில் பரவியது. இவற்றில் எது எங்கே பொருந்தும் என்பதை விளம்பரதாரரின் விருப்பத்தைவிட நிலையத்தின் கட்டுமானமே தீர்மானிக்கிறது. திறந்த நடைமேடையில் எதிர்ச்சுவரே திரையாகிறது. ரயில் வந்து மறைக்கும் வரை படம் ஓடும். சென்னை மெட்ரோவின் முதல் சுரங்கப் பகுதியோ (திருமங்கலம்–நேரு பூங்கா, 14 மே 2017-இல் திறந்தது) நடைமேடைத் தடுப்புக் கதவுகளுடன் அமைந்தது. அதனால் எதிர்ச்சுவர் பயணியின் பார்வைக்கு எளிதில் எட்டாது. விளம்பரத்துக்கு நுழைவுத்தளமும் படிக்கட்டு வழியுமே வாய்ப்பான இடங்கள். தடுப்புக் கதவின் கண்ணாடியையே திரையாக்கலாமே எனலாம். ஆனால் ஒளி ஊடுருவும் கண்ணாடியில் படம் தெளிவாக விழாது. படலம் ஒட்டினால் ரயில் வருவது மறையும். அசையும் படம் கவனத்தைச் சிதறடிக்கும் என்ற ஆட்சேபம் படிக்கட்டுத் திரைக்கு வலுவாகவும், தண்டவாளத்தில் விழ வழியில்லாத தடுப்புக் கதவு நடைமேடைக்கு வலுக்குறைந்தும் பொருந்தும். பயணக்கட்டணம் சாராத வருவாய்க்கு மெட்ரோ நிறுவனங்கள் நாடும் வழிகளுள் இவ்விளம்பரமும் ஒன்று.