உமியாக்
அலாஸ்காவின் வடகரையில் வாழும் இன்யூப்பியாட் மக்கள் போஹெட் திமிங்கில வேட்டைக்கு எடுத்துச் செல்லும் தோல்படகு. மரச்சட்டத்தின்மேல் தாடிச்சீலின் தோலைப் போர்த்துவார்கள். தைப்பவர்கள் பெண்கள்; நூல், கரிபூ மானின் தசைநார். ஊசி தோலை முழுக்கத் துளைக்காமல் பாதிக் கனத்திலேயே நுழைந்து வெளிவரும். அதனால்தான் தண்ணீர் கசிவதில்லை. வேட்டைக்காரரின் ஈட்டிக்குச் சற்றும் குறையாத கைத்திறன் இது. வசந்தத்தில் பனி விளிம்பில் படகை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். துடுப்பு வலிப்பதால் ஓசை எழாது.

1977இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம், போஹெட் இனம் மிகவும் அருகிவிட்டதென்று இவ்வேட்டைக்குத் தடை விதித்தது. திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் நீந்திச் செல்கின்றன, கண்ணில் பட்டவற்றை மட்டும் எண்ணினால் போதாது என்றார்கள் வேட்டைக்காரர்கள். பின்னாளில் நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டபோது, அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது. தடை நீங்கி வேட்டை இன்றும் தொடர்கிறது; பிடிபட்ட திமிங்கிலத்தின் இறைச்சி ஊர் முழுவதற்கும் பங்கிடப்படும்.