செங்கல்லும் கேக்கும்
‘சுடுதல்’ என்னும் சொல்லின் வழியே ஓர் அடுக்களை வரலாறு

கோலாலம்பூரில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு அப்பெயர் செங்கல்லால் வந்தது. 1881ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மூண்ட பெருந்தீயில், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆகியிருந்த நகரம் எரிந்து போயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே வெள்ளம் வந்து எஞ்சியதையும் அழித்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் இனிச் செங்கல்லாலும் ஓட்டாலுமே எழவேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்டுத்தந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பாதையில் புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாணத்தாரும் தென்னிந்தியரும் இரயில்வே ஊழியராக இங்கே குடியேறினர்.

செங்கல் சுட்ட இவ்வூரின் வீடுகளில் இன்று கேக் சுடப்படுகிறது. கிறிஸ்துமசுக்கும் தீபாவளிக்கும் மட்டுமன்றி, பள்ளி விடுமுறையிலும் பிள்ளைகள் கேக் செய்து பார்க்கின்றனர். ஜெர்மானியர் வீடுகளில் எளிய மாலைச் சிற்றுண்டியாக விளங்கும் ஆப்பிள் கேக்கும் அவற்றுள் ஒன்று. ஆனால் அதைப்பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் பலர், ‘அம்மா கேக் பேக் செய்தார்’ என்று எழுதுகின்றனர். தமிழில் இதற்குச் சொல் இல்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நன்று.

ஒரே வினை, மூன்று மொழிகள்

தமிழர் தோசை சுடுவர், அப்பம் சுடுவர், பணியாரம் சுடுவர். குயவர் பானை சுடுவர். சூளையில் செங்கல்லும் சுடப்படும். ஈர மாவாயினும் ஈர மண்ணாயினும், வெப்பத்தால் இறுகி உருவம் பெறுவதே ‘சுடுதல்’. மலாய் மொழியிலும் இவ்வாறே. மீனுக்கும் பலகாரத்துக்கும் செங்கல்லுக்கும் ‘பாக்கார்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. ஜெர்மன் மொழியில் கேக் சுடுதல் ‘பாக்கன்’ எனப்படும். செங்கல்லுக்குப் பெயர் ‘பாக்ஸ்டைன்’, அதாவது சுட்ட கல். தொடர்பில்லாத மூன்று மொழிக் குடும்பத்தார் ஒரே வகையாக எண்ணிப் பெயரிட்டிருப்பது வியத்தற்குரியது.

இங்கு ஒரு வினா எழலாம். தமிழர் சுட்டது திறந்த கல்லிலும் சட்டியிலுமே. மூடிய அடுப்பில் நாற்புறமும் சூடேற்றிச் சுடுவது வேறு அன்றோ? செயல்முறை வேறுதான், பொருள் வேறன்று. செங்கற்சூளை நாற்புறமும் வெப்பம் சூழ்ந்த அடுப்பேயாகும். அதில் நிகழ்வதையும் தமிழர் ‘சுடுதல்’ என்றே குறித்தனர்.

தமிழ் அடுக்களையும் மூடிய அடுப்பும்

அவ்வாறாயின் தமிழர் தம் வீட்டுச் சமையலுக்கு மூடிய அடுப்பைக் கொள்ளாதது ஏன்? முதற்காரணம் தானியம். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசைந்தால், அதிலுள்ள புரதம் மீள்தன்மையுள்ள வலையாகி வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அரிசி மாவுக்கு அத்தன்மை இல்லை. ஆதலின் தமிழர் அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, இட்டிலியை ஆவியிலும் தோசையைக் கல்லிலும் ஆக்கினர். அப்பத்துக்கு மாவு பொங்கக் கள் சேர்க்கும் வழக்கமும் இருந்தது. கேக்கைப் பொங்கச் செய்யும் கரியமிலவாயுவும், இட்டிலியைப் பொங்கச் செய்யும் வாயுவும் ஒன்றே. இரண்டாவது காரணம் விறகு. பெரிய அடுப்பைச் சூடேற்ற மிகுந்த விறகு வேண்டும். நாள்தோறும் சிறிதளவு சமைக்கும் வீட்டுக்கு அது கட்டுபடியாகாது. ஐரோப்பாவிலும் பல சிற்றூர்களில் ஊர்ப்பொது அடுப்பே இருந்தது.

தமிழ்நிலத்துக்கு அத்தகைய அடுப்பைக் கொணர்ந்தவருள் முதல்வர் போர்த்துகீசியர். இலங்கைத் தமிழில் ரொட்டிக்கு வழங்கும் ‘பாண்’, அதைச் சுடும் அடுப்புக்கு வழங்கும் ‘போறணை’, சமையலறையைக் குறிக்கும் ‘குசினி’ ஆகிய மூன்றும் போர்த்துகீசியச் சொற்களின் வழிவந்தவை. மலாய் மொழியில் வெண்ணெயைக் குறிக்கும் ‘மெந்தேகா’, கோதுமையைக் குறிக்கும் ‘தெரிகு’ என்பனவும் அவ்வாறே. மலாய்க்காரரின் ‘பாவுலு’ என்னும் முட்டைப் பலகாரத்தின் பெயரும் போர்த்துகீசிய ‘போலோ’ என்பதன் திரிபு என்பர். அதைச் சுடும் முறை நோக்கத்தக்கது. குழிகள் உள்ள பித்தளை அச்சில் மாவை ஊற்றி, மூடிமேலும் தணல் கொட்டி, கீழும் தணல் வைப்பர். தமிழரின் குழிப்பணியாரச் சட்டியின்மேல் தணலிட்ட மூடி ஒன்றை வைத்தால் அதுவே ஆகிவிடும்.

பொல்ஸ்னிட்ஸ் ஊரும் தரங்கம்பாடியும்

ஜெர்மானியருக்கும் தமிழருக்கும் இடையே உள்ள உறவு மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், சீகன்பால்கு என்னும் இளைஞர் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தவர் அவர். அவர் பிறந்த ஊர் சாக்சனி நாட்டுப் பொல்ஸ்னிட்ஸ். அவ்வூர் இன்றும் புகழ்பெற்றிருப்பது ‘பெஃபர்கூகன்’ என்னும் நறுமணக் கேக்குக்காக. அதைச் சுடும் உரிமையை அவ்வூர் ரொட்டிக்காரர்கள் 1558இலேயே பெற்றுவிட்டனர். ‘பெஃபர்’ என்றால் மிளகு. அக்கால வழக்கில் தொலைகிழக்கின் நறுமணப் பொருள் எல்லாவற்றையும் அச்சொல் குறித்தது. இலத்தீன், கிரேக்கம் வழியே பின்னோக்கிச் சென்றால், அச்சொல் ‘பிப்பலி’ என்னும் இந்தியச் சொல்லில் முடியும். எனவே சீகன்பால்கு தென்னாட்டுக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே கீழ்த்திசையின் நறுமணம் அவருடைய ஊர் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தரங்கம்பாடியில் வேரூன்றிய லுத்தரன் சபையின் தமிழ் மக்களுள் சிலர் பின்னர் மலாயாவுக்குப் பிழைப்புத்தேடி வந்தனர். அவர்களுக்கென 1924இல் எழுந்ததே பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் லுத்தரன் தேவாலயம். செங்கல் சுட்ட ஊரில் ஜெர்மானியத் தொடர்பு இவ்வாறு வந்தமைந்தது.

கேக்கின் பொருள்களும் அவற்றின் பயணமும்

இனி ஆப்பிள் கேக்கைக் காண்போம். வெண்ணெய் 125 கிராம், சீனி 125 கிராம், முட்டை 3, கோதுமை மாவு 200 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 2 அல்லது 3 மேசைக்கரண்டி, ஆப்பிள் 3 அல்லது 4, எலுமிச்சைச் சாறு சிறிது, பட்டைத்தூள் சிறிது. இவையே வேண்டுவன.

இவற்றுள் ஆப்பிளின் தாயகம் நடு ஆசியாவின் தியான்சான் மலைச்சாரல். குளிர்காலம் இல்லாத மலேசியத் தாழ்நிலத்தில் அது காய்ப்பதில்லை. கப்பலில் குளிரூட்டும் வசதி வந்த பின்னரே இங்கு எளிதிற் கிடைத்தது. கோதுமையும் இந்நாட்டில் விளைவதில்லை. வெளிநாட்டுக் கோதுமை துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டு ஆலைகளில் மாவாகிறது. பட்டை இலங்கையின் செல்வம். அதன்பொருட்டே போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் அத்தீவில் போரிட்டனர்.

சீனியின் வரலாறு தமிழ்த் தொழிலாளரைத் தொடுவது. 19ஆம் நூற்றாண்டில் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோருள் பலர் தமிழர். ஜெர்மானியரோ வேறு வழி கண்டனர். 1747இல் மார்க்கிராப் என்னும் வேதியியலார் கிழங்கு ஒன்றில் சீனி உண்டெனக் கண்டறிய, அவருடைய மாணவர் அகார்டு 1801இல் சிலேசியாவில் ஆலை அமைத்தார். அதுவே பீட் சீனி. வெல்லெஸ்லிக் கரும்பு நிலங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு இடங்கொடுத்தன. தமிழ்த் தொழிலாளியின் கையில் வெட்டுக்கத்திக்குப் பதில் பால்வெட்டும் கத்தி வந்தது.

கேக்கை வீட்டுக்கு எளிதாக்கியது பேக்கிங் பவுடர். பீலபெல்டு நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆகஸ்டு ஒட்கர், 1890களில் அதைச் சிறு பொட்டலமாக்கி விற்றார். ஒரு பொட்டலம் 500 கிராம் மாவுக்குச் சரியாக இருந்ததால், அளவு தவறும் அச்சம் நீங்கிற்று.

சுடும் முறை

வெண்ணெயையும் சீனியையும் வெளிறும்வரை குழைக்கவேண்டும். இந்நாட்டு வெப்பத்தில் வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரத்திலேயே குழைப்பது நலம். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பேக்கிங் பவுடர் கலந்த மாவையும் பாலையும் மெல்லக் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்புக. ஆப்பிளைத் தோல்சீவி நான்காகப் பிளந்து, விதைப்பகுதியை நீக்கி, முதுகுப்புறத்தில் துண்டுபடாமல் நெருக்கமாகக் கீறி, கருக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவி, கீறிய புறம் மேலாக மாவில் பதிக்கவேண்டும். இக்கீறல் வழியே வெப்பம் உள்ளே இறங்கும். புளிப்பு ஆப்பிளே ஏற்றது. மேலே பட்டைத்தூளைச் சிறிது சீனியோடு தூவி, 180 பாகை செல்சியசில் 40 முதல் 45 நிமிடம் சுடுக. தென்னை ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. பழத்தின் ஈரத்தால் இக்கேக் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாளுக்குள் உண்டுவிடுதல் வேண்டும்.

ஆசிரியர் கருதவேண்டியது

பெயர்ச்சொற்கள் பொருளோடு பயணம் செய்பவை. ஆப்பிள், கேக் என்பன அவ்வாறு வந்தவை. அவற்றை ஏற்பதில் இழுக்கில்லை. அரத்தி என்று ஆப்பிளுக்குப் புதுப்பெயர் இட்டும் மக்கள் வாயில் அது நிலைக்கவில்லை. ரொட்டிக்கடைக்கு இலங்கையார் ‘வெதுப்பகம்’ என்றும், தமிழகத்தார் ‘அடுமனை’ என்றும் பெயர் கண்டதும் போற்றத்தக்கதே. ஆனால் வினைச்சொல்லின் நிலை வேறு. கையும் நெருப்பும் செய்யும் வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கும்போது, ‘பேக் செய்தார்’ என எழுதும் மாணவன் ஒரு சொல்லை மட்டும் இழக்கவில்லை. தன் பாட்டி தோசைக்கல் முன் செய்ததும், தன் ஊரின் சூளையில் நடந்ததும், தன் தாய் இன்று அடுப்பில் செய்வதும் ஒரே தொழிலென்னும் உணர்வையும் இழக்கிறான்.

அடுத்த முறை அவ்வாறு எழுதிய ஏட்டைக் காணும் ஆசிரியர், சிவப்பு மையால் அடித்துவிட்டு அமையாமல், பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரின் பொருளையும் மாணவனுக்குச் சொல்லலாம். ‘அம்மா கேக் சுட்டார்’ என்பதே நல்ல தமிழ் என்பதை அவன் பின்னர் மறக்கமாட்டான்.