கணிப்பில் இல்லாத உரிமையாளர்: பிரிட்டனின் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் பயணியர் திருப்தி

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ செல்லும் கிழக்குக் கடற்கரைத் தடத்தை 2009 நவம்பர் முதல் 2015 பிப்ரவரி வரை அரசு நிறுவனம் ஒன்று நடத்தியது. தேசியப் பயணியர் கணிப்பில் அந்நிறுவனம் 90 சதவீதத்தையொட்டிய திருப்தியைப் பெற்றுவந்தது. ஆய்வுலகின் ஒரு சாரார் இந்த எண்ணைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டனர். தடங்களைத் தனியாருக்கு ஏலம் விடும் குத்தகை முறை தோற்றது, பொது உடைமை வென்றது, பயணியே சாட்சி என்பது அவர்கள் வாதம். எதிர்ச்சாராரும் இதே கணிப்பிலிருந்து, தனியார்மயத்துக்குப் பின் நாடு முழுவதும் திருப்தி உயர்ந்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். இரு சாராரும் ஒரே ஆவணத்திடம், அது பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் அந்த ஆவணத்தின் வினாவைப் பார்ப்போம். படிவம் கையில் கிடைத்தபின் நீங்கள் ஏறிய ரயில், புறப்பட்ட நிலையம், இவற்றைக் கருத்தில் கொண்டால் இந்தப் பயணம் உங்களுக்கு எவ்வளவு திருப்தி அளித்தது என்பதுதான் மையக் கேள்வி. ஒரு நாள், ஒரு வண்டி, ஒரு பயணம். வண்டியை நடத்துபவர் யார், அவர் கருவூலத்துக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பதற்கு வினாவில் இடமில்லை. விடைக்கு ஐந்து படிகள் உண்டு. ‘மிகவும் திருப்தி’, ‘ஓரளவு திருப்தி’ ஆகிய முதலிரண்டையும் கூட்டித்தான் நாம் மேற்கோள் காட்டும் சதவீதம் பிறக்கிறது. மனநிறைவோடு இறங்கியவரும், குறை சொல்லும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தவரும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். அதே படிவத்தில், கொடுத்த பணத்துக்கு ஏற்ற பயணமா என்று தனியாகக் கேட்டபோது நாடளாவிய விடை பெரும்பாலும் பாதியைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் நின்றது. மொத்தத் திருப்தி 80-ஐத் தாண்டிய ஆண்டுகளிலும் இதே நிலைதான். முதல் எண்ணை மட்டும் எடுத்துப் பேசுவோர் இந்த இடைவெளியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, படிவத்தை நிரப்புபவர் யார்? களப்பணியாளர்கள் நிலையங்களில் நின்று கொடுத்த படிவம் அது. நடைமேடைவரை வந்துவிட்டவர் மட்டுமே இக்கணிப்பில் பயணி. கட்டணத்தைப் பார்த்துப் பேருந்துக்குப் போனவரும் பயணத்தையே கைவிட்டவரும் இதில் இல்லை. விலையேற்றம் அதிருப்தியாளரை வெளியே தள்ளினால் எஞ்சியவர்களின் திருப்தி கூடலாம். இது நடந்தது என்று நிறுவ என்னிடம் தரவு இல்லை. ஆனால் நடக்கவில்லை என்று நிறுவவும் இக்கணிப்பால் முடியாது. மேலும், தினமும் வேலைக்குப் போய்வருபவரைவிட, விடுமுறைக்கோ உறவினரைக் காணவோ போகிறவர் எல்லா நிறுவனங்களிலும் கூடுதல் திருப்தி தெரிவிப்பவர். நெடுந்தூரத் தடத்தில் இவர்களின் விகிதம் அதிகம். லண்டன் புறநகர் வண்டிகளோடு கிழக்குக் கடற்கரையை ஒப்பிட்டுக் கைதட்டுவது இதனால் பொருளற்றது.

உரிமைதான் எண்ணை அசைக்கிறது என்றால், உரிமையாளர் மாறாதபோது எண்ணும் பெரிதாக மாறக் கூடாது. மாறியிருக்கிறது. 2000 அக்டோபர் 17 அன்று ஹேட்ஃபீல்டில் தண்டவாளம் நொறுங்கி வண்டி தடம்புரண்டு நால்வர் இறந்தனர். பின்னர் நாடெங்கும் வேகக் கட்டுப்பாடுகள் வந்தன. யார் நடத்தினார்கள் என்ற வேறுபாடின்றி மதிப்பெண்கள் சரிந்தன. தண்டவாளம் அப்போது ரயில்ட்ராக்கின் பொறுப்பு. வண்டி நிறுவனங்கள் பழியை வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான். மேற்குக் கடற்கரைத் தடம் இன்னும் தெளிவான சான்று. 1997 முதல் 2019 வரை அங்கே ஒரே நிறுவனம், வர்ஜின். கணிப்பின் தரப்பட்டியலில் அடிப்பகுதியில் தொடங்கிய அது 2010களில் 90-ஐ ஒட்டி நின்றது. இடையில் மாறியவை புதிய பெண்டோலினோ வண்டிகளும், சுமார் 900 கோடி பவுண்டு செலவில் புதுப்பித்த தடமும், 2008 டிசம்பரில் வந்த அடர்த்தியான கால அட்டவணையும். தடத்துக்கான பணம் பெரும்பாலும் அரசுடையது.

ஓப்பன் ஆக்சஸ் நிறுவனங்கள் கிழக்குக் கடற்கரைத் தடத்திலேயே ஓடுகின்றன. 2000 முதல் ஹல் டிரெயின்ஸ், 2007 முதல் கிராண்ட் சென்ட்ரல்: இரண்டும் தனியார், குத்தகையும் மானியமும் இல்லாதவை. கிராண்ட் சென்ட்ரல் தொடங்கியது பிரிட்டிஷ் ரயில் காலத்துப் பழைய டீசல் வண்டிகளோடு. ஆயினும் இவை பட்டியலின் உச்சியில் பலமுறை இடம்பிடித்தன. பொது உடைமைக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட கணிப்பு இங்கே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறது. சிறு நிறுவனம், குறைந்த பயணிகள், ஆகவே ஒப்பிட முடியாது என்பார்கள். சரி, அப்படியானால் அந்த விதிவிலக்கு எல்லா ஒப்பீட்டுக்கும் பொருந்தும்.

உரிமையாளர்கள் பெட்டிக்குள் எதையுமே மாற்றவில்லையா? மாற்றினார்கள், மாறிய திசைதான் வியப்பு. வைஃபையை எல்லா வகுப்புக்கும் இலவசமாக்கியது, அரசுக்கு முன் கிழக்குக் கடற்கரைத் தடத்தை நடத்திய தனியாரான நேஷனல் எக்ஸ்பிரஸ். சாதாரண வகுப்பில் அதற்கு மறுபடி கட்டணம் கொண்டுவந்தது பின்வந்த அரசு நிறுவனம். இருக்கை முன்பதிவுக்கு இரண்டரைப் பவுண்டு வாங்கியது நேஷனல் எக்ஸ்பிரஸ்; அதை நீக்கியது அரசு. அதற்கும் முன் இருந்த தனியார் நிறுவனமான ஜிஎன்இஆர் தன் பெருமையாகக் காட்டிய உணவகப் பெட்டிகளை 2011 மே மாதக் கால அட்டவணையோடு நிறுத்தியதும் அரசு நிறுவனமே. முதல் வகுப்பில் இருக்கைக்கே இலவச உணவு வந்தது. சாதாரண வகுப்பில் பயணம் செய்துகொண்டு வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் போய் உட்கார்ந்தவருக்கு எதுவும் வரவில்லை. (உணவகப் பெட்டியின் மறைவுக்காக அழுத பத்திகளில் பல, அதைச் செய்தவர் யார் என்பதை நாசூக்காக விட்டுவிட்டன.) ஊழியர்களோ ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதே ஊழியர்கள், சீருடைதான் வேறு. இன்டர்சிட்டி 225 வண்டிகள் பிரிட்டிஷ் ரயில் வாங்கியவை; எல்லா நிறுவனங்களும் அவற்றை வாடகைக்கே ஓட்டின. 2019 மே மாதம் வந்த அசூமா வண்டிகளை வரவழைத்தது போக்குவரத்துத் துறையின் ஒப்பந்தம். விளம்பரப்படுத்தியவர் ஒருவர், ஓட்டத் தொடங்கியவர் வேறொருவர்.

இத்தடத்தில் குத்தகை மூன்று முறை முறிந்தது. மூன்றிலும் பயணியின் அதிருப்திக்குப் பங்கில்லை. ஜிஎன்இஆர் பத்தாண்டுக்கு 130 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது. தாய் நிறுவனமான சீ கன்டெய்னர்ஸ் 2006-இல் திவாலானது. நேஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி என்றது. 2008-இன் மந்தம் கணக்கைக் கவிழ்த்தது. ஸ்டேஜ்கோச்சும் வர்ஜினும் 330 கோடி என்றன. 2018 ஜூனில் வெளியேறின. ஏலத்தில் வருவாயை ஊதிப் பெருக்கியவரே வெல்வார் என்ற அமைப்பின் விளைவு இது. குத்தகை முறையைக் கண்டிக்க இதுவே போதும். ஆனால் முறிந்த மாதங்களிலும் வண்டி ஓடியது, படிவத்தில் ‘ஓரளவு திருப்தி’ என்றே குறிக்கப்பட்டது. கண்டனத்துக்குப் பயணியின் வாயைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் கணிப்பின் இயல்பையே மாற்றுகிறது. 2012-இல் மேற்குக் கடற்கரை ஏலம் குளறுபடியாகி ரத்தானபின் எழுதப்பட்ட குத்தகைகளில், இக்கணிப்பின் மதிப்பெண்களே இலக்குகளாக எழுதப்பட்டன. கணிப்பு நடக்கும் வாரங்கள் எவருக்கும் பரம ரகசியம் அல்ல. தேர்வுத்தாளைத் தேர்வு எழுதுபவரிடமே முன்கூட்டிக் கொடுத்தது போன்ற ஏற்பாடு இது. முறைகேடு நடந்ததாக நான் குற்றஞ்சாட்டவில்லை. பணம் சார்ந்திருக்கும் எண்ணை, பணம் சாராத காலத்து எண்ணோடு ஒரே கோட்டில் வரைவதைத்தான் ஏற்க இயலவில்லை.

அரசு நிறுவனம் கருவூலத்துக்குச் சுமார் 100 கோடி பவுண்டு தந்ததே என்ற மறுப்பு உண்டு. தந்தது, தனியாரும் முறியும்வரை தந்தார்கள். அது வரி செலுத்துவோரின் கணக்கு, பயணியின் அனுபவம் வேறு.

கணிப்பு வீண் என்பது என் கருத்தில்லை. அதில் யாரும் மேற்கோள் காட்டாத வரி ஒன்று இருக்கிறது: தாமதத்தை நிறுவனம் எப்படிக் கையாண்டது என்ற கேள்வி. தாமதத்தில் சிக்கியவரிடம் மட்டும் கேட்கப்பட்ட அதில் நாடளாவிய திருப்தி பெரும்பாலும் பாதியை எட்டவில்லை. கணிப்பை நடத்திய அமைப்பின் பகுப்பாய்வுகளே, அதிருப்தியைத் தூண்டுவதில் முதலிடத்தை இதற்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தன. தாமதம் பாதிக்கு மேல் தண்டவாள நிர்வாகத்தைச் சார்ந்தது. அறிவிப்பும் மாற்று ஏற்பாடும் இழப்பீடும் மட்டும் நிறுவனத்தின் கையில் உள்ளவை. உரிமையாளரை அளக்க விரும்புபவர் தொடங்க வேண்டிய வரி அதுதான்.

2020-இல் குத்தகை முறையோடு இக்கணிப்பும் நின்றுபோனது. அதனால் 2022 ஆகஸ்டில் மேற்குக் கடற்கரைத் தடத்தில் வர்ஜினுக்குப் பின்வந்த அவந்தி தன் அட்டவணையைச் சுருக்கியதும், 2018-இல் கிழக்குக் கடற்கரையை ஏற்ற அரசுடைமையான எல்என்இஆர் 2024 பிப்ரவரியில் எடின்பரோ தடத்தின் சில பயணங்களில் நெரிசலற்ற நேரச் சீட்டுகளைச் சோதனையாக நீக்கியதும் இந்த அளவுகோலில் பதியவே இல்லை. இப்போது 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசிடம் வருகின்றன. 2025 மே மாதம் முதலில் வந்தது சவுத் வெஸ்டர்ன். அந்நிறுவனம் தனியாராக இருந்தபோது கொண்டுவரத் திட்டமிட்ட 90 புதிய ஆர்ட்டீரியோ வண்டிகளில் ஒரு சில பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் தனியார் காலத்திலேயே ஓடத் தொடங்கின; மற்றவை அரசின் பெயரில் ஓடத் தொடங்கியுள்ளன. அடுத்துவரும் கணிப்பு எதுவாயினும் அங்கே மதிப்பெண் உயரும். அதை உரிமை மாற்றத்தின் வரவில் எழுதும் கட்டுரை, பழைய கட்டுரைகளின் அதே பிழையோடு விரைவில் அச்சேறும் என்று எதிர்பார்க்கிறேன்.