சிவா பேசினார், போலீஸ் எழுதியது

தூத்துக்குடின்னதும் எல்லாருக்கும் வ.உ.சி. 1906-ல் தொடங்கின சுதேசிக் கப்பல் கம்பெனிதான் ஞாபகம் வரும். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு நான் வாசிக்கப்போறது, கப்பல் நின்ன அதே ஊர்க் கடற்கரையில் கேட்ட ஒரு குரலைப் பற்றி.

1907 மே மாதம் சென்னைக் கடற்கரையில் விபின் சந்திர பால் பேசினார். பெரிய கூட்டம், ஆனா பேச்சு இங்கிலீஷில். அடுத்த வருஷம் பிப்ரவரியில் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவா பேசினது தமிழில். கேட்டவங்களில் கோரல் மில் தொழிலாளிகளும் உண்டு. சுயராஜ்யம், அந்நியச் சரக்குப் பகிஷ்காரம்னு படிச்சவங்க பத்திரிகையில் விவாதிச்ச சங்கதியெல்லாம், எழுத்தே தெரியாதவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரி 27 அன்று மில்லில் வேலைநிறுத்தம். சில நாளிலேயே நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. வெறும் பேச்சால் நடந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். மில்லுக்குள் நிலைமை அவ்வளவு மோசம். அரசாங்கம் என்னவோ பேச்சைத்தான் குற்றவாளி ஆக்கியது.

சரி, சிவா என்ன பேசினார்னு நமக்கு எப்படித் தெரியும்? ஒலிப்பதிவு கிடையாது. கூட்டத்தில் இருந்த போலீஸ்காரங்க எழுதிவச்ச குறிப்புகள்தான் கோர்ட்டில் சாட்சியம். நமக்கும் அதுதான் முக்கிய ஆதாரம். எழுதினவருக்கு வேண்டியது ராஜத்துரோகச் சொற்கள். பேச்சாளர் எங்கே நிறுத்தினார், எந்த வார்த்தைக்கு ஜனங்க சிரிச்சாங்க, இதெல்லாம் அவருக்கு எதுக்கு? ஆனா அவர் எழுதலைன்னா இவ்வளவுகூட மிஞ்சியிருக்காது. அந்தக் குறிப்புகளை நான் நன்றியோடும் சந்தேகத்தோடும்தான் படிப்பேன்.

மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தாங்க. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம் நாடு கடத்தல். வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை: ஒன்று அவர் பேசினதுக்கு, இன்னொன்று சிவா பேச உடந்தையா இருந்ததுக்கு. ஒருத்தரைப் பேசவச்சதுக்கு ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் பிறகு குறைச்சாங்க.

ரெண்டு பேரும் 1912-ல் வெளியே வந்தாங்க. ஜெயிலில் தொழுநோய் கண்ட சிவா, 1913-ல் சென்னையில் ‘ஞானபாநு’ன்னு மாதப் பத்திரிகை தொடங்கினார். பாரதி புதுச்சேரியிலிருந்து அதுக்கு எழுதி அனுப்பினார்.